ஆனந்த்குமார் வேல்குமாரின் 1000 மீட்டர்: நம் விளையாட்டு எழுத்து பற்றி ஒரு குறிப்பு

முதலில் இரண்டு எண்கள். 1:22.482. அடுத்தது 1:24.924.

இரண்டும் ஒரே ஆளுடையது. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார், ரோலர் ஸ்கேட்டிங், 1000 மீட்டர் ஸ்பிரிண்ட். முதல் எண் 2025 ஆகஸ்டில் சீனாவின் செங்டுவில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில் (ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்காக நடத்தப்படுவது). இரண்டாவது அடுத்த மாதம் அதே சீனாவில் பெய்தைஹே நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில். முதல் நேரத்துக்கு வெண்கலம். இரண்டாவது நேரத்துக்குத் தங்கம்.

அதாவது கிட்டத்தட்ட இரண்டரை வினாடி மெதுவாக ஓடி உலக சாம்பியன் ஆகியிருக்கிறார்.

அந்த வாரம் வந்த செய்திகளில் என் கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் நேரம் மூன்று தசமம் வரை துல்லியமா போட்டிருந்தது. "முதல் இந்தியர்" என்று இருந்தது. பிரதமர் வாழ்த்து இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னாடி இதே பத்திரிகைகள் இதே ஆளுக்கு இதைவிடக் குறைந்த நேரத்தைப் போட்டு வெண்கலம் என்று எழுதியிருந்தன. மெதுவாகப் போனவருக்குத் தங்கம் எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த விளையாட்டு என்ன என்பதையே எழுதியிருக்க வேண்டி வந்திருக்கும். இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

அவருடைய விளையாட்டு வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2021ல் கொலம்பியாவின் இபாகே நகரில் உலக சாம்பியன்ஷிப், ஜூனியர் பிரிவு, 15 கிலோமீட்டர் எலிமினேஷன்: வெள்ளி. உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அப்போது அவருக்கு 18 வயது. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டி, 3000 மீட்டர் ரிலே: வெண்கலம். 2025 ஆகஸ்டில் செங்டுவில் வெண்கலம், உலக விளையாட்டுப் போட்டியின் ரோலர் பிரிவில் இந்தியாவுக்கு அதுவும் முதல். செப்டம்பரில் பெய்தைஹேயில் 500 மீட்டரில் வெண்கலம் (43.072 வினாடி), 1000 மீட்டரில் தங்கம். அதோடு நிற்கவில்லை, அதே சாம்பியன்ஷிப்பின் கடைசியில் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம்.

கடைசி வரியை இன்னொரு தடவை படித்துப் பாருங்க. 500 மீட்டர், 1000 மீட்டர், 42 கிலோமீட்டர். மூன்றிலும் பதக்கம், ஒரே வாரக்கணக்கில். தடகளத்தில் 400 மீட்டர் ஓடுகிற ஒருவர் அதே போட்டியில் மாரத்தானும் ஜெயித்தார் என்று செய்தி வந்தால் அச்சுப்பிழை என்றுதான் நினைப்போம். இங்கே அதைக் கடைசிப் பத்தியில், "மேலும்" என்ற சொல்லுக்குப் பிறகு போட்டுவிட்டார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. தமிழில் விளையாட்டு வீரரின் வாழ்க்கையை எழுத நம்மிடம் ஒரே ஒரு அச்சுதான் இருக்கிறது. அந்த அச்சுக்கு எங்கள் சேலம் மாவட்டமே நல்ல உதாரணம்.

பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர், தங்கம். அதற்குப் பிறகு டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அவருடைய அம்மா காய்கறி விற்றது, சின்ன வயதில் பஸ் ஏறி கால் நசுங்கியது, எல்லாம் சேலத்தில் டீக்கடையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் எந்தக் காலில் உந்தி எழுகிறார் என்று கேளுங்க. மூன்று பாராலிம்பிக் பதக்கம் வாங்கியவரின் தொழில் அந்த உந்துதல்தான், அதைப் பற்றி ஒரு பத்தி தமிழில் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

சின்னப்பம்பட்டி நடராஜன் கதையிலும் இதே வறுமைதான் முதலில் வந்தது. ஆனால் அங்கே ஒன்று கூடுதலாக இருந்தது. யார்க்கர். யார்க்கர் என்றால் என்ன, அதைத் தொடர்ந்து ஓவருக்கு ஆறு போடுவது ஏன் கஷ்டம் என்பதெல்லாம் எங்க ஊர் பையனுக்கு எட்டு வயதில் தெரியும். அதனால் நடராஜனின் வாழ்க்கைக் கதைக்குள் அவருடைய திறமைக்கும் ஒரு இடம் கிடைத்தது. கிரிக்கெட்டுக்கு நம்மிடம் சொற்கள் இருக்கின்றன. மற்றவற்றுக்கு இல்லை. சொற்கள் இல்லாத இடத்தில் கண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஸ்கேட்டிங்குக்கும் இந்த அச்சு போயிருக்கிறது. 2014ல் அமோல் குப்தே எடுத்த ஹவா ஹவாய் என்ற இந்திப்படம் இன்லைன் ஸ்கேட்டிங் பற்றியதுதான். டீக்கடையில் வேலை செய்கிற பையன், பழைய சாமான்களில் நண்பர்கள் செய்து கொடுக்கும் ஸ்கேட்ஸ். நல்ல மனதோடு எடுத்த படம், பிள்ளைகளும் நன்றாக நடித்திருக்கிறார்கள். ஆனால் பந்தயம் வரும்போது அந்தப் படத்துக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. பின்னால் இருந்தவன் முன்னால் வருகிறான், இசை ஏறுகிறது, அவ்ளோதான். எப்படி முன்னால் வந்தான்? மன உறுதியால். மன உறுதி இல்லாதவர்கள் யாரும் அந்தக் கோட்டில் வந்து நிற்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆனந்த்குமாரிடம் இந்த அச்சுக்குத் தேவையான மூலப்பொருள் கிடையாது. நகரத்துப் பையன். பந்தயத்துக்கான பூட்ஸ், பிரேம், சக்கரம் எல்லாம் சேர்த்தால் விலை லட்சத்தைத் தொடுகிற விளையாட்டு. வறுமையை எழுத முடியாது. பந்தயத்தை எழுதத் தெரியாது. மிச்சம் என்ன? நேரமும் "முதல் இந்தியர்" என்ற பட்டமும். அதனால்தான் பத்து வரியில் முடிகிறது.

சரி, பந்தயத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

உலகப் போட்டிகளில் டிராக் 200 மீட்டர். வளைவுகள் உள்பக்கம் சாய்வாகக் கட்டப்பட்டிருக்கும். 1000 மீட்டர் என்றால் ஐந்து சுற்று. நூறு மீட்டர் ஓட்டம் மாதிரி ஆளுக்கொரு லேன் கிடையாது. எல்லாரும் ஒரே தடத்தில், முழங்கை உரசுகிற தூரத்தில். இன்லைன் ஸ்கேட்ஸ் என்பது ஒரே கோட்டில் நான்கு சக்கரம், ஒவ்வொன்றும் 110 மில்லிமீட்டர். இது விளையாட்டுக்குப் போடுகிற பார்க் ஸ்கேட்ஸ் அல்ல.

1000 மீட்டரை 82.482 வினாடியில் கடந்தால் சராசரி வேகம் மணிக்கு 43.6 கிலோமீட்டர். அந்த வேகத்தில் முக்கியமான எதிரி காற்று. நாமக்கல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தால் கால் வலிக்காது என்பது அங்கே ஸ்கூல் பையன்களின் அறிவியல் (செய்யாதீங்க, பிரேக் பிடித்தால் கதை முடிந்தது). ஸ்கேட்டிங்கிலும் அதேதான். முன்னால் போகிறவர் காற்றை உடைக்கிறார். பின்னால் வருகிறவர் அந்த நிழலில் சக்தியைச் சேமிக்கிறார்.

அப்படியானால் எல்லாருமே பின்னால் இருக்கத்தான் விரும்புவார்கள், இல்லையா? இங்கேதான் வடிவியல் வந்து குறுக்கே நிற்கிறது. பின்னால் இருப்பவர் முந்தவேண்டும் என்றால் வெளிப்பக்கமாகப் போகவேண்டும். உள்தடத்திலிருந்து ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஒரு முழுச் சுற்று போனால் எத்தனை மீட்டர் கூடும்? இரண்டு பை, அதாவது 6.28 மீட்டர். டிராக் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை மாறாது, பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஒரே ஒரு வளைவில் மட்டும் வெளியே போனால் 3.14 மீட்டர். நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் இது கால் வினாடி. முதல் இடத்துக்கும் நான்காவது இடத்துக்கும் உள்ள வித்தியாசமே சில சமயம் அவ்வளவுதான்.

ஆக முன்னால் இருந்தால் காற்று தின்னும். பின்னால் இருந்தால் வளைவு தின்னும். ஐந்து சுற்றில் எந்த இடத்தில், எத்தனை பேருக்குப் பின்னால், எந்த நேர்கோட்டில் கிளம்புவது என்பதுதான் பந்தயம். யாரும் முன்னால் போய் காற்றை வாங்கத் தயாராக இல்லை என்றால் முதல் இரண்டு சுற்று மந்தமாகப் போகும், பிறகு கடைசியில் வெடிக்கும். மொத்த நேரம் கூடும். யாராவது ஒருவர் துணிந்து முதலிலிருந்தே இழுத்தால் மொத்த நேரம் குறையும், ஆனால் இழுத்தவர் ஜெயிக்கவேண்டும் என்பதில்லை. டிராக்கின் தரை, வெயில், காற்று இதெல்லாம் சேர்ந்தால் இரண்டு ஊர் நேரத்தை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

அதனால்தான் 1:24.924க்குத் தங்கம். அந்த எண் அவர் எவ்வளவு வேகமானவர் என்று சொல்லவில்லை. அந்த ஃபைனலில் எட்டு சக்கர அகலத்துக்குள் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து உண்டாக்கிய எண் அது. அதைப் போய் தனிமனித சாதனை மாதிரி மூன்று தசமத்தில் அச்சடிப்பது, சதுரங்கத்தில் ஆட்டம் எத்தனை நிமிடம் நடந்தது என்று தலைப்புப் போடுவது போல.

பனிச்சறுக்கில் இதற்கு ஒரு தம்பி உண்டு, ஷார்ட் டிராக் ஸ்பீட் ஸ்கேட்டிங். 1992 முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் இருக்கிறது. தடம் இன்னும் சின்னது, 111.12 மீட்டர். அங்கே 2002 சால்ட் லேக் சிட்டியில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவன் பிராட்பரி 1000 மீட்டர் தங்கம் வாங்கிய கதை எல்லாருக்கும் தெரியும். முன்னால் போன நான்கு பேரும் கடைசி வளைவில் மோதி விழுந்தார்கள், கடைசியாக வந்துகொண்டிருந்தவர் நின்றபடியே கோட்டைத் தாண்டினார். அவர் நேரம் 1:29.109. உலகம் அதை அதிர்ஷ்டம் என்று சிரித்தது. ஆனால் பின்னால் தங்கி, முன்னால் இருப்பவர்கள் மோதிக்கொள்ளக் காத்திருப்பது அவருடைய திட்டமாகவே இருந்தது. அந்த விளையாட்டில் அது சட்டப்படியான, புத்திசாலியான திட்டம். விழுந்து எழுந்து வெள்ளி வாங்கிய அமெரிக்கர் அபோலோ ஓனோ சிறு வயதில் ரோலர் ஸ்கேட்டிங்கிலிருந்து வந்தவர்தான். இரண்டுக்கும் இடையில் சுவர் கிடையாது.

இப்போது ஆனந்த்குமாரின் 2021 வெள்ளியைத் திரும்பப் பார்க்கலாம். 15 கிலோமீட்டர் எலிமினேஷன். இந்தப் பந்தயத்தில் குறிப்பிட்ட சுற்றுகளில் கோட்டைக் கடைசியாகத் தாண்டுகிறவர் வெளியேற்றப்படுவார். நாற்காலி விளையாட்டை மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் விளையாடுவது போல. அவர் நேரம் 24:14.845, அதிலிருந்துதான் இந்த 37 வருகிறது. இதில் ஒரு அழகான விதி இருக்கிறது. ஜெயிப்பது யார் என்று பார்க்கும்போது முன்னங்காலின் முதல் சக்கரத்தைப் பார்ப்பார்கள். வெளியேறுவது யார் என்று பார்க்கும்போது பின்னங்காலின் கடைசிச் சக்கரத்தைப் பார்ப்பார்கள். அதனால் கூட்டத்தின் வாலில் இருப்பவர்கள் காலை நீட்டிப் பிரயோஜனமில்லை, பின்னங்காலை இழுத்துக்கொள்ள வேண்டும். முன்னால் இருந்தால் களைப்பு, வாலில் இருந்தால் ஆபத்து, நடுவில் இருந்தால் உள்பக்கம் அடைபட்டுப் போய்விடும் அபாயம். இருபத்து நான்கு நிமிஷம் ஒவ்வொரு சுற்றிலும் இந்த முடிவை எடுத்துக்கொண்டே இருக்கணும்.

18 வயதில் அந்தப் படிப்பில் உலகத்தில் இரண்டாவதாக வந்த பையன்தான் 22 வயதில் 1000 மீட்டரில் முதலாவதாக வருகிறான். என் வாசிப்பில் அவருடைய வாழ்க்கைக் கதை இந்த இரண்டு புள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. நீண்ட தூரக்காரர் ஸ்பிரிண்டுக்கு வருவது சாதாரணமில்லை. 37 கிலோமீட்டரிலிருந்து 43.6 என்பது பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், அதை வெல்லத் தேவையான சக்தி கனத்தில் ஏறும். கணக்குப் போட்டால் சக்தி சுமார் 1.6 மடங்கு. அவ்வளவு சக்தியை உடம்பில் சேர்க்கத் தசை வேண்டும், தசை ஏறினால் எடை ஏறும், எடை ஏறினால் நீண்ட தூரத்தில் அடிவாங்கும். ஆனால் அவர் மாரத்தானையும் விடவில்லை. நான்கு வருஷத்தில் பயிற்சியை எப்படி மாற்றினார்கள், எதை விட்டுக்கொடுத்தார்கள்? ஒரு பேட்டியாளர் கேட்டிருக்கவேண்டிய முதல் கேள்வி இது. கேட்கப்பட்டது, "இந்தத் தருணத்தில் எப்படி உணர்கிறீர்கள்".

சொல்லப்போனால் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. நாளிதழில் இடம் கிடையாது, படிப்பவர்களுக்கு ரோலர் ஸ்கேட்டிங் தெரியாது, அதில் போய் பின்னங்கால் சக்கரத்தை விளக்க முடியுமா என்று. 2023 அக்டோபர் 2ஆம் தேதி இதற்குப் பதில் சொல்லிவிட்டது.

ஹாங்சோ ஆசியப் போட்டி, ஆண்கள் 3000 மீட்டர் ரிலே. உங்களில் பலர் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள், வாட்ஸப்பில் "முடியும் வரை கொண்டாடாதே" என்ற வாசகத்தோடு வந்தது. தென்கொரியாவின் ஜங் சோல் வோன் கோட்டுக்குச் சற்று முன் நிமிர்ந்து இரு கைகளையும் தூக்குகிறார். பக்கத்தில் தைவானின் ஹுவாங் யூ லின் குனிந்தபடியே இடது காலை நீட்டுகிறார். தைவான் 4:05.692, கொரியா 4:05.702. நூறில் ஒரு வினாடி. அந்தப் பந்தயத்தின் சராசரி வேகத்தில் அது 12 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரே ஒரு சக்கரத்தின் விட்டம். தங்கம் கிடைத்திருந்தால் ராணுவச் சேவையிலிருந்து விலக்கு. கையைத் தூக்கிய அந்த நொடியில் அவருக்கும் அணித்தோழர் ஒருவருக்கும் அதுவும் போனது.

அந்த வீடியோ கோடிக்கணக்கான பேருக்குப் புரிந்தது. யாருக்கும் ரோலர் ஸ்கேட்டிங் விதிப்புத்தகம் கொடுக்கவேண்டியிருக்கவில்லை. முதல் சக்கரம்தான் கணக்கு என்பது பார்த்த உடனே விளங்கிவிட்டது. பந்தயம் கதையாகச் சொல்லப்பட்டால் தெரியாத விளையாட்டும் புரியும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அதே பந்தயத்தில் மூன்றாவதாக வந்த அணி இந்தியா. 4:10.128. ஆனந்த்குமார், ஆர்யன்பால் சிங் குமான், சித்தாந்த் காம்ப்ளே, விக்ரம் இங்கலே. ஆசியப் போட்டியில் ஸ்பீட் ஸ்கேட்டிங்கில் இந்தியாவின் முதல் பதக்கங்கள் அன்றைக்கு வந்தவை (அதற்கு முன் 2010 குவாங்சோவில் வந்த இரண்டு வெண்கலமும் ஆர்ட்டிஸ்டிக் பிரிவில்). நம் பத்திரிகைகள் ஒரு பக்கத்தில் கொரியாவின் அவசரக் கொண்டாட்டத்தை விநோதச் செய்தியாகப் போட்டன, இன்னொரு பக்கத்தில் இந்தியாவுக்கு வெண்கலம் என்று போட்டன. இரண்டும் ஒரே பந்தயம் என்பதை இணைத்துச் சொன்ன ஒரு தமிழ்ச் செய்திகூட என் சேகரத்தில் இல்லை. நான் காட்டிய நண்பர்கள் அத்தனை பேரும் "அட, அந்த வீடியோவா, அதுல நம்ம ஆளுங்களா?" என்றார்கள்.

அந்த வெண்கலத்தை மிகைப்படுத்தவும் கூடாது. கொரியாவுக்கும் நமக்கும் 4.4 வினாடி இடைவெளி, தூரத்தில் 53 மீட்டர். கால் சுற்றுக்கும் மேலே. முன்னே நடந்த சண்டையில் இந்தியா இல்லை. அதைச் சொன்னால் தேசபக்தி குறைந்துவிடும் என்று பயம் போல. ஆனால் அதைச் சொன்னால்தானே இரண்டே வருஷத்தில் தனிநபர் பந்தயத்தில் உலகத் தங்கம் என்பது எவ்வளவு பெரிய தாவல் என்று தெரியும்? 53 மீட்டரை மறைத்தால் தங்கமும் சின்னதாகிவிடுகிறது.

தங்கம் வந்த பிறகு சமூக ஊடகங்களில் கிளம்பிய ஒரு கேள்வி: "ஒலிம்பிக்கில் இல்லையே, அப்படியே பனிக்கு மாறலாமே?" மாறியவர்கள் இருக்கிறார்கள். இன்லைனில் வளர்ந்த அமெரிக்காவின் எரின் ஜாக்சன் 2022 பெய்ஜிங்கில் 500 மீட்டர் தங்கம் வாங்கினார். அதே ஒலிம்பிக்கில் மாஸ் ஸ்டார்ட் தங்கம் வாங்கிய பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸ் இன்லைனில் பலமுறை உலக சாம்பியன். இந்தியாவிலும் டேராடூன் ஹிமாத்ரி ரிங்க் திரும்பத் திறந்து, 2025 ஆகஸ்டில் ஆசிய ஓபன் ஷார்ட் டிராக் போட்டியே நடத்தினார்கள். வழி இல்லாமல் இல்லை.

ஆனாலும் அந்தக் கேள்வியின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. இன்லைனை ஏதோ நர்சரி மாதிரி, ஒலிம்பிக் என்ற பெரிய ஸ்கூலுக்குப் போகும் வழி மாதிரி பேசுகிறோம். அதே உலக ஸ்கேட் கூட்டமைப்பின் கீழ் இருக்கிற ஸ்கேட்போர்டிங் டோக்கியோவில் ஒலிம்பிக்குக்குள் போனது, இன்லைன் 2018 இளையோர் ஒலிம்பிக்கோடு நின்றது. அது தொலைக்காட்சி, இளைஞர் சந்தை சார்ந்த முடிவு. பந்தயத்தின் தரத்துக்கு அதில் சம்பந்தமில்லை. கொலம்பியாவில் இந்த விளையாட்டுக்கு ஒலிம்பிக் முத்திரை தேவைப்படவில்லை, அவர்கள் அதில் உலக வல்லரசு.

இதெல்லாம் எழுத்து பற்றிய புலம்பல்தானே, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எங்க ஊர்ப் பக்கம் பார்த்ததைச் சொல்கிறேன்.

சேலம், நாமக்கல், திருச்செங்கோடு எல்லா இடத்திலும் இப்போது சாயங்கால ஸ்கேட்டிங் வகுப்பு உண்டு. சிமெண்டுத் தரை, தட்டையான வட்டம், ஆரஞ்சு கோன். ஐந்து வயசுக் குழந்தைகள் ஹெல்மெட்டோடு கோழிக்குஞ்சு மாதிரி வரிசையாகப் போகும், பார்க்கவே அழகு. பெற்றோர் வெளியே பைக்கில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பார்கள். என் தங்கை மகள் இரண்டு வருஷம் போனாள். அவளும் கூட ஐம்பது பிள்ளைகளும் சேர்ந்து ஏதோ ஒரு தலைவர் படத்தைச் சுற்றி விடாமல் சில மணி நேரம் வட்டமடித்து "உலக சாதனை" செய்தார்கள். சர்டிபிகேட், மெடல், குரூப் போட்டோ. அதற்குத் தனியாகப் பணம். அந்த இரண்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட இன்னொரு பிள்ளையை முந்தக் கற்றுக்கொள்ளவில்லை. வரிசையில் முன்னால் போகிறவளின் இடுப்பைப் பிடித்துத் தள்ளிவிட்டால் அது ரிலே என்று யாரும் சொல்லித்தரவில்லை. அது குறும்பு என்று திட்டு வாங்கினாள்.

அங்கே ஒரு அப்பாவிடம் ஆனந்த்குமார் பற்றிப் பேச்சு வந்தது. "உலக சாம்பியனுங்களா? அப்ப நம்ம பாப்பாவும் உலக சாதனை பண்ணிருக்குதுங்க" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் படித்த செய்தியில் ஒரு எண், ஒரு பட்டம், ஒரு மெடல் போட்டோ இருந்தது. அவர் வீட்டுச் சுவரிலும் ஒரு எண், ஒரு பட்டம், ஒரு மெடல் போட்டோ இருக்கிறது. பந்தயம் என்ற ஒன்று நடுவில் இருப்பதாக யாரும் அவருக்கு எழுதவில்லை.

பிறகு எட்டாவது, ஒன்பதாவது வரும். எங்கள் பகுதியில் அதன் அர்த்தம் தெரியும்தானே. பப்ளிக் எக்ஸாம், பிறகு நீட் அல்லது ஜேஇஇ. "இதுக்கு கோட்டா இருக்குங்களா?" என்று கேட்பார்கள், தெளிவான பதில் வராது, ஸ்கேட்ஸ் பரண் மேல் போய்விடும். அதில் உலக சாம்பியன் ஆகக்கூடிய பிள்ளை இருந்தாளா என்பது என் கவலை இல்லை. முந்துவது எப்படி என்று ஒரு சாயங்காலமாவது தெரிந்துகொண்டு விட்டிருந்தால், அவள் விட்டது என்ன என்று அவளுக்காவது தெரிந்திருக்கும்.

பெய்தைஹே 1000 மீட்டர் ஃபைனலின் முழு வீடியோ இணையத்தில் இருக்கிறது. ஒன்றரை நிமிஷம்தான். முதல் தடவை அவரைப் பார்க்காதீங்க, அவருக்கு முன்னால் இருப்பவரைப் பாருங்க. இரண்டாவது தடவை ஒவ்வொரு வளைவிலும் அவர் உள்கோட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறார் என்று மட்டும் பாருங்க.

ஹாங்சோவில் அதே நாளில் பெண்கள் ரிலே அணியும் வெண்கலம் வாங்கியது. சஞ்சனா பதுலா, கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஹீரல் சாது, சென்னையின் ஆரதி கஸ்தூரி ராஜ், நேரம் 4:34.861. அவர்களுக்குக் கிடைத்தது பத்து வரிகூட இல்லை. அடுத்த குறிப்பு அந்தப் பந்தயம் பற்றி.